சேலத்துக்காரர் ஏன் தேவனஹள்ளிக்குப் போகிறார்?

சேலத்தில் குடியிருக்கும் ஒருவர் டில்லிக்கு ஆகாய விமானத்தில் போக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் முதலில் என்ன செய்கிறார்? முந்தின நாளே ஒரு வாடகைக் காரைப் பேசி வைக்கிறார். தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓடிப் பெங்களூரைத் தொடுகிறார். தொட்டதோடு ஆயிற்றா? ஊரின் தெற்கு வாசலில் நுழைந்து, அந்த மகாநகரத்தின் வண்டி வெள்ளத்தில் நீந்தி, வடக்கு வாசலில் கரையேறினால்தான் தேவனஹள்ளி வரும். அதற்கு இன்னும் 35 கிலோமீட்டருக்குக் குறையாது. விமானத்தில் கால் வைப்பதற்குள் மனிதர் பாதி உயிராகிவிடுகிறார்.

வேடிக்கை என்னவென்றால், இவருடைய கார் ஓமலூரைக் கடந்ததும் கமலாபுரம் என்ற ஊரின் பக்கமாகத்தான் போகிறது. அங்கே 1993-ஆம் ஆண்டிலிருந்து ஒரு விமான நிலையம் இருக்கிறது. சேலத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தூரம். ஒரு விமான நிலையத்தைத் தாண்டிக்கொண்டு, இன்னொரு விமான நிலையத்துக்காக இவர் ராத்திரியெல்லாம் ஓடுகிறார்.

"ஏன் ஐயா இந்தக் கூத்து?" என்று நான் பலரைக் கேட்டிருக்கிறேன். இரண்டு விதமான பதில்கள் வரும். ஒன்று: "அங்கே என்னங்க இருக்குது? ஒரு ஹாலு, நாலு நாற்காலி. ஏதோ பஸ் ஸ்டாண்டு மாதிரி!" மற்றொன்று: "அந்தப் பிளேனை நம்பி எப்படிங்க கிளம்பறது? இன்னிக்கு வரும், நாளைக்கு நின்னு போகும்."

முதல் பதில் வறட்டுக் கௌரவம். இரண்டாவது பதில் நியாயம். முதல் பதிலைச் சொல்கிறவர்களோடு சண்டை போட வேண்டும். இரண்டாவது பதிலைச் சொல்கிறவர்களுக்காகச் சண்டை போட வேண்டும். இரண்டு சண்டைகளையும் இங்கேயே போட்டு விடுவதாக உத்தேசம்.

முதலில் கௌரவஸ்தர்களைக் கவனிப்போம்.

பெரிய விமான நிலையத்தில் என்ன இருக்கிறது? கண்ணாடிச் சுவர் இருக்கிறது. நகரும் படிக்கட்டு இருக்கிறது. வெளியே விற்கிற விலையைப் போல் பல மடங்கு விலை சொல்லும் கடைகள் இருக்கின்றன. இவற்றுக்கு நடுவே, மூட்டையும் கையுமாக ஒரு கிலோமீட்டர் நடக்கிற பாக்கியமும் இருக்கிறது. ஒருமுறை அப்படிப்பட்ட ஒரு மாளிகையில் குறிப்பிட்ட வாசலில் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் கழித்து வாசல் மாறிவிட்டது என்றார்கள். அது கட்டிடத்தின் மறுகோடியில் இருந்தது. என் பக்கத்தில் முதல் தடவையாக விமானம் ஏறுகிற ஒரு பாட்டியம்மாள். ஒலிபெருக்கி பேசியது ஹிந்தியும் இங்கிலீஷும். "என்ன சாமி சொல்றாங்க?" என்று என்னைக் கேட்டாள். நான் அந்த அம்மாளை அழைத்துக்கொண்டு ஓடினேன். ஓடினேன் என்பது என்னைப் பற்றிய செய்தி. முட்டி வலியோடு அவள் ஓடியதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

கமலாபுரத்திலும் நான் விமானம் ஏறியிருக்கிறேன். காரிலிருந்து இறங்கினால் கட்டிடம். கட்டிடத்தைத் தாண்டினால் விமானம். நடந்து போய்ப் படி ஏறி உட்கார வேண்டியதுதான். எழுபது சொச்சம் பேருக்கு இடமுள்ள, காற்றாடி வைத்த சிறிய விமானம். சென்னைக்கு ஒரு மணி நேரம். இறக்கைக்குக் கீழே சேர்வராயன் மலை தெரிகிறது. "பஸ் ஸ்டாண்டு மாதிரி" என்று கேலி செய்கிறார்களே, அதைவிட உயர்ந்த பாராட்டு ஒரு விமான நிலையத்துக்கு உண்டா? பஸ் ஸ்டாண்டு என்பது என்ன? நம் ஜனங்கள் பயமில்லாமல், யார் தயவும் இல்லாமல், தம் பாஷையிலே விசாரித்துக்கொண்டு போய் வருகிற இடம். விமான நிலையம் அப்படி ஆகவேண்டும் என்றுதானே நாம் ஆசைப்பட வேண்டும்!

"ஆகாய விமானம் பட்டணத்துச் சரக்கு, சிற்றூருக்கு அது எதற்கு?" என்று கேட்கும் அறிவாளிகளும் உண்டு. இவர்கள் சரித்திரத்தைச் சற்றுப் புரட்டுவது நல்லது. 1932 அக்டோபர் 15-ஆம் தேதி டாட்டா கம்பெனியின் முதல் விமானத் தபால் கராச்சியிலிருந்து புறப்பட்டது. ஜே.ஆர்.டி. டாட்டா பம்பாய் வரையில் ஓட்டி வந்தார். அங்கிருந்து நெவில் வின்ட்சென்ட் சென்னைக்கு ஓட்டினார். நடுவில் விமானம் இறங்கிய இடம் எது தெரியுமா? பெல்லாரி. அந்தக் காலத்தில் சென்னை ராஜதானியைச் சேர்ந்த ஒரு ஜில்லா ஊர். பளிங்குத் தரையும் கண்ணாடிச் சுவரும் பார்த்து நம் விமானத் தொழில் பிறக்கவில்லை. புல்லும் புழுதியுமான சமதரையில்தான் பிறந்தது.

அடுத்தபடி, பொருளாதார நிபுணர்கள் வருகிறார்கள். இவர்களுடைய வாதம் இது: சிற்றூர்களுக்கு விமானம் விட்டால் நஷ்டம். பல ஊர் ஜனங்களையும் ஒரு பெரிய நிலையத்தில் கூட்டிச் சேர்த்து, அங்கிருந்து நாலா திசைக்கும் அனுப்புவதே சிக்கனம். பெரிய நிலையம் வண்டிச் சக்கரத்தின் குடம் போன்றது.

நல்ல உவமைதான். லண்டனுக்கும் சிங்கப்பூருக்கும் கமலாபுரத்திலிருந்து விமானம் விடச் சொல்லி நானும் கேட்கவில்லை. குடம் வேண்டும். ஆனால் குடத்தை மட்டும் கடைந்து வைத்துவிட்டு, ஆரக்கால்களை மறந்துபோன தச்சனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? இன்றைக்கு நாம் செய்வது அதுதான். ஆரக்காலுக்குப் பதிலாகச் சேலத்துக்காரரின் வாடகைக் காரைச் செருகி வைத்திருக்கிறோம். அந்தக் காரின் வாடகை, டிரைவரின் தூக்கம், பிரயாணியின் ஒரு நாள் சம்பாத்தியம் ஆகியவை நிபுணரின் கணக்கில் ஏறுவதில்லை. பிரயாணி தலையில் விழுகிற நஷ்டம் நஷ்டமல்ல, கம்பெனியின் ஐந்தொகையில் விழுந்தால்தான் நஷ்டம் என்பது என்ன சாஸ்திரம்?

ரெயில் இருக்கிறதே என்று கேட்கலாம். சென்னைக்கும் கோவைக்கும் போக ரெயிலே உத்தமம். நானும் அதில்தான் பெரும்பாலும் போகிறேன். டில்லிக்கும் கல்கத்தாவுக்கும் போகிறவன் சங்கதி வேறு. ஐதராபாத்தில் வேலை பார்க்கும் பையனுக்கு, "அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, உடனே வா" என்று செய்தி வந்தால் அவன் சங்கதியும் வேறு. அவன் கொள்ளிச் சட்டி ஏந்த வருகிறானா, பத்தாம் நாள் காரியத்துக்கு வருகிறானா என்பதைச் சில மணி நேரங்கள் தீர்மானிக்கின்றன. சொந்த ஊரின் விமானம் என்பது அந்தச் சில மணி நேரங்கள்தாம்.

இனி இரண்டாவது சண்டை. இதில் என் எதிரிகள் பெரிய மனிதர்கள்.

கமலாபுரத்தின் கதையைக் கேளுங்கள். 1993-இல் விமானம் வந்தது. சில காலத்திலேயே நின்றது. பதினாறு ஆண்டுகள் ஓடுபாதையில் வெயில் காய்ந்தது. 2009-இல் மறுபடி ஒரு கம்பெனி வந்தது, 2011-இல் போயிற்று. 2018 மார்ச்சில் இன்னொரு கம்பெனி. 2021-இல் அதுவும் நின்றது. 2023 அக்டோபரில் திரும்பவும் தொடங்கினார்கள். இந்த முப்பது ஆண்டுகளில் விமானம் பறந்த காலத்தைக் கூட்டினால் ஐந்தாறு ஆண்டுகள்தாம் தேறும். ஒவ்வொரு தடவையும் மேளதாளம், மாலை, பத்திரிகையில் படம். ஒவ்வொரு தடவை நின்றபோதும் மௌனம். திறப்பு விழாவுக்கு வந்த பிரமுகர்களில் ஒருவராவது மூடு விழாவுக்கு வந்ததுண்டா?

இது சேலத்துக்கு மட்டும் நேர்ந்த கதியல்ல. 2016-இல் மத்திய சர்க்கார் "உடான்" என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. 2017 ஏப்ரல் 27-ஆம் தேதி சிம்லாவிலிருந்து டில்லிக்கு முதல் விமானம் புறப்பட்டபோது, ரப்பர் செருப்புப் போட்டவரும் விமானத்தில் ஏற வேண்டும் என்றார் பிரதமர். அந்த ஆசையில் எனக்கு ஒரு குறையும் தோன்றவில்லை. ஒரு மணி நேரப் பிரயாணத்துக்கு, பாதி இடங்களுக்காவது 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தார்கள். கம்பெனிக்கு ஏற்படும் நஷ்டத்துக்கு மூன்று ஆண்டுகள் மானியம். அந்தப் பணத்துக்காகப் பெரு நகரங்களுக்கிடையே பறக்கும் விமானங்களின் மேல் ஒரு தீர்வை. பெரிய வீட்டுப் பானையிலிருந்து சின்ன வீட்டுக்கு ஒரு படி அரிசி. நல்ல ஏற்பாடு.

நடந்தது என்ன? மத்திய தணிக்கை அதிகாரி 2023-இல் வெளியிட்ட அறிக்கையில் கணக்கு இருக்கிறது. முதல் மூன்று சுற்றுகளில் 774 வழித்தடங்களுக்கு உத்தரவு கொடுத்தார்கள். அவற்றில் 403-இல் விமானம் பறக்கவே இல்லை. பறக்கத் தொடங்கிய 371-இல், மூன்று ஆண்டுக் கெடுவை முழுதாக முடித்தவை 112. மானியம் தீர்ந்த பிறகும், 2023 மார்ச்சு வரை தாக்குப் பிடித்தவை 54. நூற்றுக்கு ஏழு!

"பார்த்தீரா, சிற்றூர் விமானம் உருப்படாது என்று நாங்கள் அன்றைக்கே சொன்னோம்!" என்று நிபுணர்கள் இதைக் கையில் எடுத்துக்கொண்டு ஆடுகிறார்கள். அந்த ஆட்டத்துக்கு இங்கே இடமில்லை. 403 வழித்தடங்களில் விமானமே பறக்கவில்லையே, அங்கே ஜனங்கள் ஏறவில்லை என்று எப்படிச் சொல்வது? வராத பஸ்ஸில் ஏறவில்லை என்று ஊராரைக் குற்றம் சொல்வார் உண்டா?

காரணங்கள் வேறு. நிலையங்கள் உரிய காலத்தில் தயாராகவில்லை. ஓடத் தொடங்கிய பல கம்பெனிகள் நாலைந்து விமானங்களை வைத்துப் பிழைப்பு நடத்தியவை. ஒன்று ரிப்பேருக்குப் போனால் நாலு ஊர்களின் அட்டவணை சரிந்துவிடும். வாரத்தில் சில நாள் வரும், சில நாள் வராது. காலையில் வந்தது அடுத்த மாதம் மத்தியானத்துக்கு மாறும். புறப்படும் நாளன்று ரத்து என்று செய்தி வரும். இரண்டு தடவை இப்படி ஏமாந்த மனிதர் மூன்றாம் தடவை வாடகைக் காருக்குச் சொல்லி அனுப்புகிறார். அவர் சொல்லி அனுப்பியதால் விமானத்தில் கூட்டம் குறைகிறது. கூட்டம் குறைந்ததால் விமானத்தை நிறுத்துகிறார்கள். நிறுத்தியபின், "ஆதரவு இல்லை" என்று அறிக்கை விடுகிறார்கள். பாலில் தண்ணீர் கலந்துவிட்டு, இந்த ஊரில் காப்பி குடிக்கும் பழக்கமே இல்லை என்று சொல்கிற ஓட்டல்காரருக்கும் இவர்களுக்கும் என்ன வித்தியாசம்?

அலட்சியம் ஒருபுறம் இருக்கட்டும். பெரிய நிலையம் வாழச் சிறிய நிலையத்தைத் தலையெடுக்காமல் செய்வதற்குப் பத்திரமே எழுதிக் கொடுத்த கதையும் உண்டு. 2004-இல் மத்திய சர்க்கார் தேவனஹள்ளி நிலையத்தைக் கட்டுகிற கம்பெனியோடு ஓர் ஒப்பந்தம் செய்தது. நிலையம் திறந்து 25 ஆண்டுகள் வரை 150 கிலோமீட்டர் வட்டத்துக்குள் வேறு விமான நிலையம் போட்டிக்கு வரக்கூடாது. மைசூருக்கும் ஹாசனுக்கும் மட்டும் விலக்கு. 2008 மே மாதம் தேவனஹள்ளி திறந்தது. ஊருக்குள்ளேயே இருந்த பழைய நிலையத்தில் பிரயாணிகள் விமானம் அன்றோடு நின்றது. நம் ஓசூர் அந்த வட்டத்துக்குள் மாட்டிக்கொண்டது. ஓசூருக்குப் பக்கத்தில் பேளகொண்டப்பள்ளியில் தனியார் ஓடுபாதை ஒன்று வெகுகாலமாக இருக்கிறது. இருந்தும் என்ன? 2033 வரை அந்தச் சீட்டு குறுக்கே நிற்கிறது. ஆலமரத்தின் கீழே செடி முளைக்காது என்பார்கள். அது இயற்கை. முளைக்கக் கூடாது என்று முத்திரைத் தாளில் கையெழுத்துப் போடுவது மனிதன் செய்கிற காரியம்.

சிறிய நிலையத்தின் அருமையை அறிய வேண்டுமானால் கடல் தாண்டி யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். 1947 டிசம்பர் 10-இல் ஏர் சிலோன் விட்ட முதல் விமானமே கொழும்பிலிருந்து காங்கேசன்துறை வழியாகத்தான் சென்னைக்கு வந்தது. பிறகு யுத்த காலத்தில் அந்த வாசல் மூடிக்கொண்டது. வடக்கே ஒரு கூப்பிடு தூரத்தில் இருக்கிற தமிழ்நாட்டுக்கு வர, யாழ்ப்பாணத்துக்காரர்கள் தெற்கே 350 கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் இரவெல்லாம் உட்கார்ந்து கட்டுநாயக்காவுக்குப் போய், அங்கே விமானம் ஏறி, சொந்த ஊர்ப் பக்கமாகவே திரும்பிப் பறந்து வந்தார்கள். 2019 அக்டோபர் 17-ஆம் தேதி பலாலி நிலையம் மீண்டும் திறந்து, சென்னையிலிருந்து ஒரு சிறிய விமானம் போய் இறங்கியது. 2020 மார்ச்சில் தொற்று நோய்க் காலத்தில் நின்றது. 2022 டிசம்பர் 12-இல் மறுபடி தொடங்கியது. வைத்தியத்துக்கு வருகிற கிழவருக்கும், கல்யாணத்துக்குப் புடைவை எடுக்க வருகிற குடும்பத்துக்கும் அந்தச் சின்ன ஓடுபாதை என்ன தந்தது என்று அவர்களைக் கேளுங்கள். "பஸ் ஸ்டாண்டு மாதிரி" என்று அவர்களில் ஒருவரும் சிரிக்கமாட்டார்.

இவ்வளவும் சொன்ன பிறகு, என்னைத் தங்கள் கட்சி ஆள் என்று சில உத்தியோகஸ்தர்கள் எண்ணிக்கொள்ளக்கூடும். அவர்களுக்கும் ஒரு வார்த்தை. சிறிய நிலையம் வேண்டும் என்றால், அதைப் பெரிதாக்குகிறோம் என்று உடனே சங்கிலியை எடுத்துக்கொண்டு நிலம் அளக்கக் கிளம்புகிறீர்களே, அந்த வியாதிக்கும் மருந்து வேண்டும். கமலாபுரம் நிலையத்தின் பரப்பு 150 ஏக்கருக்கும் குறைவு. 2018-இல் அதை விஸ்தரிக்க 550 ஏக்கருக்கு மேல் கேட்டார்கள். கமலாபுரம், பொட்டியபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டிக் குடியானவர்கள் தங்கள் வயலில் கல் நடவிடாமல் நின்றார்கள். அவர்கள் நின்றது சரி என்பதே என் கட்சி. எழுபது பேர் ஏறும் விமானத்துக்கு இப்போது இருக்கும் சுமார் 1,800 மீட்டர் ஓடுபாதை போதுமே! இருக்கிறதை ஓட்ட வக்கில்லாதவர்கள் இன்னும் நாலு மடங்கு நிலம் கேட்பதற்கு என்ன யோக்கியதை?

பெரிதின் மேல் உள்ள இந்த மோகம்தான் எல்லா இடத்திலும் ஆட்டி வைக்கிறது. சென்னைக்கு இரண்டாவது நிலையம் என்று 2022-இல் பரந்தூரைக் குறித்தார்கள். 5,000 ஏக்கருக்கு மேல் வேண்டுமாம். அதில் ஏரியும் நஞ்சையும் வீடும் அடக்கம். ஏகனாபுரத்து ஜனங்கள் அன்று முதல் போராட இறங்கினார்கள். 2024-இல் ஓசூருக்கு 2,000 ஏக்கரில் ஒரு நிலையம் என்று அறிவித்தார்கள். ஆண்டுக்கு மூன்று கோடிப் பிரயாணிகள் என்று கணக்கு. ஒன்று, ஓசூருக்கு ஒன்றுமே இல்லை. இல்லாவிட்டால், மூன்று கோடி. நடுவிலே, அளவாக, அடக்கமாக ஒன்று என்பது நம் பெரியவர்களின் கற்பனைக்கு எட்டுவதே இல்லை. மீனம்பாக்கத்தில் வந்து நெருக்குகிற கூட்டத்தில் எத்தனை பேர் சேலத்திலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வேலூர்ப் பக்கமிருந்தும் வேறு வழியில்லாமல் வந்தவர்கள் என்று முதலில் எண்ணிப் பாருங்கள். அவர்களை அவரவர் ஊரிலேயே ஏற்றிவிட்டு, மிச்சத்துக்கு எவ்வளவு நிலம் வேண்டும் என்று பிறகு பேசலாம்.

"அப்படியானால் என்னதான் வேண்டும் என்கிறீர்?" என்று கேட்கலாம். நான் கேட்பது சொற்பம்.

நாள் தவறாமல், மணி தவறாமல், காலையில் ஒன்று, மாலையில் ஒன்று விமானம் வேண்டும். மானியம் வாங்குகிற கம்பெனி விமானத்தை ரத்து செய்தால், பிரயாணியைத் தன் செலவில் காரில் ஏற்றிப் பெரிய நிலையத்தில் கொண்டுபோய் விட வேண்டும். இரண்டு மாதம் அப்படிச் செய்து பார்க்கட்டும், விமானம் தானாகவே நேரத்துக்கு வரும். கமலாபுரத்தில் வாங்குகிற ஒரே சீட்டில் டில்லி வரை போக வேண்டும். மூட்டையை நடுவழியில் இறக்கி ஏற்றுகிற தொல்லை பிரயாணிக்குக் கூடாது. மூன்று ஆண்டு மானியம் என்பது சவலைப் பிள்ளைக்கு மூன்று நாள் பால் கொடுத்ததற்குச் சமம்; ஊர் அதைப் பழகி நம்புகிற வரை கொடுக்க வேண்டும். விமான நேரத்துக்கு ஒத்தபடி ஊருக்குள்ளிருந்து ஒரு டவுன் பஸ் விட வேண்டும். இதற்கெல்லாம் புதிதாக ஒரு ஏக்கர்கூட வேண்டாம். திறப்பு விழாவும் வேண்டாம். அதனால்தானோ என்னவோ, இது நடக்கமாட்டேன் என்கிறது.

நம்மைப் போன்ற நடுத்தர வர்க்கத்தாருக்கும் ஒரு கடமை உண்டு. சொந்த ஊர் நிலையத்தைக் கேலி பேசுவதை விட்டு, விமானம் நின்று போனால் கேள்வி கேட்கப் பழக வேண்டும். ரெயில் நின்றால் மறியல் செய்கிறோம்; பஸ் வராவிட்டால் கலெக்டருக்கு மனுப் போடுகிறோம். விமானம் நின்றால் மட்டும், ஏதோ பணக்காரர் வீட்டு விருந்து ரத்தானது போல வாயை மூடிக்கொண்டு காருக்குச் சொல்லி அனுப்புகிறோம். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவரும் இந்த நாட்டில் வரி கொடுக்கிறவர்தான். அவருடைய ஒரு நாள் பொழுது, பெருநகரத்து முதலாளியின் ஒரு நாள் பொழுதுக்குக் குறைந்ததல்ல. அவர் வீட்டில் காப்பி குடித்துவிட்டு, 20 கிலோமீட்டர் போய், சொன்ன நேரத்துக்கு விமானம் ஏறுவதற்கு உரிமை உள்ளவர். அந்த உரிமையைத் தர்மமாகக் கேட்க வேண்டியதில்லை. பாக்கியாக வசூலிக்க வேண்டும்.